கிடங்கைப் பார்த்தால் நாடு தெரியும்!

மாதா மாதம் ஒரு செய்தி வருகிறது. "தொழில் உற்பத்தி கூடியது" என்று ஒரு மாதம். "குறைந்தது" என்று இன்னொரு மாதம்.

கூடியது என்றால் மகிழ்கிறோம். குறைந்தது என்றால் கவலைப்படுகிறோம். பிறகு பக்கத்தைத் திருப்பி விடுகிறோம்.

அந்தச் செய்தியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இல்லை. செய்த பொருள் விற்றதா? இந்தக் கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

ஓர் ஆலை 1,000 மின்விசிறி செய்தது. அத்தனையும் விற்றுவிட்டது. இன்னோர் ஆலையும் 1,000 மின்விசிறி செய்தது. அதில் 600தான் விற்றது. மீதி 400 கிடங்கில் தூங்குகிறது.

உற்பத்திக் கணக்கில் இரண்டு ஆலையும் ஒன்றுதான். ஆனால், அடுத்த மாதம் எந்த ஆலையில் "நாளை வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்வார்கள்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எனவே, உற்பத்தியை மட்டும் எண்ணினால் போதாது. விற்பனையையும் எண்ண வேண்டும். விற்காமல் கிடக்கும் சரக்கையும் எண்ண வேண்டும். எண்ணியதை மாதா மாதம் ஊர் அறியச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இது இன்னும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மளிகைக் கடைக் கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். இது உங்கள் தெரு மளிகைக் கடைக் கணக்குதான்.

கடைக்காரர் மாதம் 10 மூட்டை அரிசி விற்கிறார். கடையில் 10 மூட்டை இருக்கிறது. அப்படியானால், அவரிடம் இருப்பது ஒரு மாதச் சரக்கு. 15 மூட்டை இருந்தால் ஒன்றரை மாதச் சரக்கு.

இருப்பை விற்பனையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு. விலைவாசி ஏறினால் இருப்பின் மதிப்பும் ஏறும். விற்பனைத் தொகையும் ஏறும். வகுக்கும்போது பெரும்பாலும் இரண்டும் சரியாகிப் போகும். ஆகவே, விலை ஏற்றம் நம்மை ஏமாற்றுவது குறைவு.

அமெரிக்க அரசாங்கம் இந்தக் கணக்கை மாதந்தோறும் எடுக்கிறது. ஆலைகள், மொத்த வியாபாரிகள், சில்லறைக் கடைகள் ஆகிய மூன்று இடங்களிலும் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எவ்வளவு விற்றது என்று கேட்கிறது. கூட்டி, வகுத்து, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது.

2008-ம் ஆண்டின் நடுவில் அந்தக் கணக்கு 1¼ என்ற அளவில் இருந்தது. அதாவது, நாடு முழுவதும் ஒன்றேகால் மாதச் சரக்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தது. கடன் கொடுப்பது நின்றது. மக்கள் செலவைச் சுருக்கினார்கள்.

2009 ஜனவரியில் அந்தக் கணக்கு ஏறத்தாழ 1½ ஆகிவிட்டது.

ஒன்றேகால் எங்கே, ஒன்றரை எங்கே? கால் மாதம்தானே வித்தியாசம்! ஒரு வாரச் சரக்குதானே!

ஆம், ஒரு வாரச் சரக்குதான். ஆனால், அது ஒரு கடையின் சரக்கு அல்ல. அவ்வளவு பெரிய நாட்டில் எல்லா ஆலைகளிலும், எல்லாக் கடைகளிலும் ஒரு வாரச் சரக்கு கூடுதலாகக் கிடந்தது. அதைக் கரைக்க ஒரே வழிதான் இருந்தது. புதிதாகச் செய்வதை நிறுத்த வேண்டும்.

நிறுத்தினார்கள். 2008 தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கு 5 பேர் வேலை இல்லாமல் இருந்தார்கள். 2009 அக்டோபரில் நூற்றுக்கு 10 பேர். சரக்குத் தேக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டோம். வீட்டுக் கடன் மோசடி, வங்கிகளின் பேராசை எல்லாம் உண்டு. ஆனால், ஆலைக் கதவு எந்த மாதம் சாத்தப்படும் என்பதைக் கிடங்கு முன்னாலேயே காட்டியது.

பிளைண்டர், மக்கினி என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1991-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வந்த மந்த காலங்களை எடுத்துக்கொண்டார்கள். உற்பத்தி 100 டாலர் விழுந்தால், சராசரியாக அதில் 87 டாலர் எதனால் விழுந்தது தெரியுமா? கிடங்கில் சரக்குச் சேர்ப்பதைக் குறைத்ததால்!

மக்கள் வாங்குவது அவ்வளவு குறையவில்லை. கடைக்காரரும் ஆலைக்காரரும் இருப்பைக் குறைத்ததுதான் பெரிய அடியாக விழுந்தது.

பத்து குறைந்தால் முப்பது குறையும்!

இது எப்படி? ஒரு ஸ்கூட்டர் கடையை வைத்துப் பார்ப்போம்.

கடையில் மாதம் 100 ஸ்கூட்டர் விற்கிறது. கடைக்காரர் எப்போதும் ஒரு மாதச் சரக்கை, அதாவது 100 ஸ்கூட்டரை இருப்பு வைத்துக்கொள்வார். விற்ற அளவுக்கு ஆலையிலிருந்து மாதம் 100 வாங்கிக்கொள்வார்.

ஒரு மாதம் மழை பெய்யவில்லை. ஊரில் பணப் புழக்கம் குறைந்தது. 90 ஸ்கூட்டர்தான் விற்றது. ஆலையிலிருந்து வழக்கம்போல 100 வந்துவிட்டது. மாத முடிவில் கடையில் எவ்வளவு இருக்கும்? 110.

கடைக்காரர் யோசிக்கிறார். "அடுத்த மாதமும் 90தான் விற்கும் போலிருக்கிறது. 90 விற்றால், 90 இருப்பு இருந்தால் போதும். ஆக மொத்தம் 180 வேண்டும். கையில் 110 இருக்கிறது. ஆலையிடம் 70 வாங்கினால் போதும்."

பார்த்தீர்களா? வாங்குபவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான் குறைந்தார்கள். ஆலைக்குப் போகும் ஆர்டர் நூற்றுக்கு 30 குறைந்துவிட்டது!

ஆலை சும்மா இருக்குமா? அதன் கிடங்கில் டயர், விளக்கு, போல்ட், இருக்கை எல்லாம் முன்பு போட்ட திட்டப்படி குவிந்து கிடக்கின்றன. ஆகவே, உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்கு ஆலை கொடுக்கும் ஆர்டர் இன்னும் அதிகமாக வெட்டப்படும். "இந்த மாதம் ஒன்றும் அனுப்ப வேண்டாம்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுவதும் உண்டு.

கடையில் சின்ன அலை. ஆலையில் பெரிய அலை. பட்டறையில் அது ஆளை அடித்துக்கொண்டு போகும் அலை.

பட்டறைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் நிச்சயம் கிடையாது. வேலை இருந்தால் கூலி. முதலில் ஓவர்டைம் நிற்கும். அடுத்து ஒப்பந்தத் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் பிறகு "வாரத்தில் நான்கு நாள் வந்தால் போதும்" என்பார்கள். தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கு இது எந்த நிபுணரையும் விட முன்னால் தெரியும். இரவு எட்டு மணி டீ விற்காமல் நின்றால், அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இதையெல்லாம் தமிழ்நாடு 2019-ல் நேரில் பார்த்தது.

2019-ல் நடந்தது

எண்ணூர், பாடி, திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர். இந்த ஊர்களில் மோட்டார்த் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம்.

2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எப்.எஸ். என்ற பெரிய நிதிக் கம்பெனி கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் திணறியது. அதைப் பார்த்து, வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் மற்றக் கம்பெனிகளும் கையை இறுக்கிக்கொண்டன. அதே மாதத்தில் இன்ஷூரன்ஸ் விதியும் மாறியது. புதிய காருக்கு மூன்று ஆண்டு, ஸ்கூட்டருக்கு ஐந்து ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டியதாயிற்று. வண்டி வாங்க நினைத்தவர் "பிறகு பார்க்கலாம்" என்றார்.

ஷோரூமில் வண்டிகள் நின்றன. ஆனால், ஆலைகள் ஓடிக்கொண்டே இருந்தன. வண்டிகளை ஷோரூமுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன. ஷோரூம் நிரம்பியது. பக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தினார்கள். அதுவும் நிரம்பியது.

பிறகு ஒரே அடியாக ஆர்டர் நின்றது. 2019 ஆகஸ்டில் ஆலைகள் உள்நாட்டு விற்பனைக்கு அனுப்பிய கார் முதலிய பயணி வாகனங்கள் 1,96,524. முந்திய ஆண்டு ஆகஸ்டில் அது 2,87,198. நூற்றுக்கு 31-க்கு மேல் சரிவு! லாரி முதலிய வாகனங்களில் சரிவு நூற்றுக்கு 38-க்கும் மேல்.

அடுத்த மாதம் அசோக் லேலண்ட் கம்பெனி ஓர் அறிவிப்புக் கொடுத்தது. எண்ணூர் ஆலையில் 16 நாள் வேலை இல்லை. ஓசூர் ஆலைகளில் 5 நாள் வேலை இல்லை. வேறு கம்பெனிகளும் அந்த மாதங்களில் வேலை இல்லா நாள்களை அறிவித்தன.

ஷோரூம்களில் மட்டும் மூன்று மாதத்தில் சுமார் 2 லட்சம் பேருக்கு வேலை போயிற்று என்று வாகன விற்பனையாளர் சங்கம் சொன்னது. பட்டறைகளில் வேலை இழந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டில் "கார் விற்பனை" என்று நெடுங்காலமாகச் செய்தியில் வந்த எண் உண்மையில் விற்பனையே அல்ல. அது ஆலை வாசலைத் தாண்டிய எண். ஆலையிலிருந்து ஷோரூமுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினாலே அது "விற்பனை". அந்தக் காரை உங்களைப் போன்ற ஒருவர் பணம் கொடுத்து வாங்கினாரா என்பது வேறு கணக்கு. அதை வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவாகும் எண்ணை வைத்து விற்பனையாளர் சங்கம் தனியே சொல்கிறது.

முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் சின்னதாகவும் இருந்தால், நடுவில் உள்ள வண்டிகள் எங்கே? ஷோரூம் வளாகத்தில் வெயில் காய்கின்றன!

இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் ஏமாற மாட்டார். ஒன்றை மட்டும் படிப்பவர், எல்லாம் நன்றாக நடப்பதாக நினைத்துக்கொண்டே இருப்பார், வேலை போகும் நாள் வரை.

ஐந்தாண்டு கழித்து மறுபடியும் அதே காட்சி. 2024 செப்டம்பர் முடிவில் ஷோரூம்களில் 7 லட்சத்து 90 ஆயிரம் கார்கள் விற்காமல் நிற்கின்றன என்று விற்பனையாளர் சங்கம் சொன்னது. மதிப்பு 79,000 கோடி ரூபாய்! 80 முதல் 85 நாள் சரக்கு. 21 நாள் சரக்கு இருந்தால் போதும் என்பது சங்கத்தின் கருத்து.

இத்தனை கார்களும் கடன் வாங்கி நிறுத்தியவை. வட்டி நூற்றுக்கு 9 என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 590 கோடி ரூபாய்! அதைக் கட்டுவது யார்? ஷோரூம் முதலாளி கட்டுகிறார். கட்ட முடியாதபோது ஆளைக் குறைக்கிறார்.

கார் கம்பெனிகள் சில இந்த எண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. "அவ்வளவு இல்லை" என்றன. யார் சொல்வது சரி? தீர்ப்புச் சொல்ல நடுநிலையான கணக்கு ஒன்று வேண்டாமா? அது இல்லை.

நல்ல வேளை, தசராவும் தீபாவளியும் அடுத்தடுத்து வந்தன. விற்பனை நடந்தது. ஆலைகளும் அனுப்புவதை அடக்கிக்கொண்டன. ஆண்டு முடிவில் இருப்பு 60 நாளுக்குள் வந்தது. 2019 போல ஆகவில்லை.

அமெரிக்க அலமாரியும் திருப்பூர்த் தறியும்

தமிழ்நாட்டுக்குச் சரக்குத் தேக்கம் புதிதல்ல. 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் மலைபோல் தேங்கியது. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சிக்கு அலைந்தன. அப்போது அண்ணா முதலானவர்கள் கைத்தறித் துணியைச் சுமந்து தெருவில் விற்றார்கள். தேங்கிய துணி விற்றால்தான் தறி மறுபடி ஓடும் என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று கிடங்கு கடல் தாண்டி இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

2021-ல் அமெரிக்கக் கடைகளில் அலமாரிகள் காலி. கொரோனா காரணமாகக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்றன. சரக்கு நேரத்துக்கு வரவில்லை. பயந்து போன கடைக்காரர்கள், 100 வேண்டிய இடத்தில் 130 என்று எழுதி அனுப்பினார்கள். திருப்பூருக்கும் நல்ல ஆர்டர் கிடைத்தது.

2022-ல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது! அதே சமயத்தில் அங்கே பெட்ரோல் விலையும் உணவு விலையும் ஏறின. மக்கள் பனியனும் டிராயரும் வாங்குவதை ஒத்திப் போட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் டார்கெட் என்ற பெரிய கடைக் கம்பெனி, விலையைக் குறைத்து விற்கப் போவதாகவும், கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்யப் போவதாகவும் அறிவித்தது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

அமெரிக்காவில் ஒரு கடையின் பின்பக்கக் கிடங்கு நிரம்பியது. சில மாதம் கழித்துத் திருப்பூரில் பின்னலாடை எந்திரம் நின்றது. நூல் விலை ஏற்றம் வேறு சேர்ந்துகொண்டது. 2022-23-ல் சுமார் 34,000 கோடி ரூபாய்க்கு நடந்த திருப்பூர் ஏற்றுமதி, 2023-24-ல் 31,000 கோடிக்குள் இறங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கிடங்குகள் கரைந்தன. ஆர்டரும் திரும்பி வந்தது.

அமெரிக்க இருப்புக் கணக்கு மாதா மாதம் எல்லோருக்கும் கிடைக்கும் கணக்கு. திருப்பூர் முதலாளிகளில் விவரம் தெரிந்தவர்கள் அதைப் படிக்கிறார்கள். "அங்கே துணிக்கடைச் சரக்கு ஏறுகிறது, நாம் புதிய எந்திரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்" என்று முடிவு செய்ய அது உதவுகிறது. வெளிநாட்டுக் கடை எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. நம் உள்நாட்டுக் கடை எப்படி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை!

இருப்பு என்றாலே கெடுதலா?

இல்லை. இங்கேதான் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

சிவகாசிக்குப் போய்ப் பாருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு கிடங்கு எல்லாம் பட்டாசு. அது மந்தமா? அல்ல. ஆண்டு முழுவதும் செய்து, சில வாரங்களில் விற்கும் தொழில் அது. சர்க்கரை ஆலையும் அப்படித்தான். கரும்பு வெட்டும் காலத்தில் அரைத்து வைத்து, ஆண்டு முழுவதும் விற்பார்கள். ஆகவே, இந்த ஆகஸ்டைப் போன ஆகஸ்டோடுதான் ஒப்பிட வேண்டும். போன மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பாகும்.

இருப்புக் குறைவாக இருந்தால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2021-ல் கார் ஷோரூம்கள் காலியாக இருந்தன. கார் அமோகமாக விற்றதாலா? இல்லை. காருக்குள் வைக்கும் மின்னணுச் சில்லு கிடைக்கவில்லை. ஆலையால் கார் செய்ய முடியவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தார்கள்.

2025-ல் வேறு ஒரு வேடிக்கை. ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. வரி குறையப் போகிறது என்று பிரதமர் அறிவித்தார். சின்னக் கார்களுக்கு வரி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது செப்டம்பர் 22-ல்தான். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. யார் கார் வாங்குவார்கள்? "கொஞ்சம் பொறுத்தால் விலை குறையுமே" என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஷோரூமில் வண்டிகள் நின்றன. ஆனால், அது மக்களிடம் பணம் இல்லாததால் வந்த தேக்கம் அல்ல. வரி குறைந்ததும் கூட்டம் கூடிவிட்டது.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி இது: சரக்கை வேண்டும் என்றே சேர்த்து வைத்தார்களா? அல்லது, விற்காமல் தானாகத் தேங்கியதா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆலைக் கிடங்கில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். மூலப்பொருள் ஒன்று. பாதி செய்த பொருள் ஒன்று. முழுதாகச் செய்து முடித்த பொருள் ஒன்று. மூலப்பொருள் கூடினால், முதலாளி நம்பிக்கையோடு இருக்கிறார். நிறையச் செய்யப் போகிறார் என்று பொருள். செய்து முடித்த பொருள் கூடி, மூலப்பொருள் குறைந்தால்? விற்கவில்லை, புதிதாக வாங்கவும் மனம் இல்லை. அந்த ஆலைத் தொழிலாளர்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. புதிதாகத் தவணைக் கடன் எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது இன்னும் நல்லது.

வளர்ச்சி எண் செய்யும் ஜாலம்

நாட்டின் மொத்த உற்பத்தி என்று ஒரு பெரிய எண் சொல்கிறார்களே, அதிலும் இந்த விஷயம் ஒளிந்திருக்கிறது. செய்து விற்காமல் வைத்திருக்கும் சரக்கையும் அந்த எண்ணில் கூட்டிக்கொள்வார்கள். செய்தது செய்ததுதானே! கணக்குப்படி அது சரி.

2021-ம் ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் அமெரிக்கா ஆண்டுக்கு நூற்றுக்கு 6.9 என்ற வேகத்தில் வளர்ந்ததாக முதல் கணக்குச் சொன்னது. ஆகா என்றார்கள். ஆனால், அந்த 6.9-ல் 4.9 பங்கு கடைகளும் கிடங்குகளும் சரக்கை நிரப்பியதால் வந்தது. மக்கள் வாங்கியது முதலான மற்ற எல்லாம் சேர்ந்து மீதி 2 தான். அடுத்த மூன்று மாதத்தில் நிரப்புவது குறைந்தது. வளர்ச்சி எண்ணே பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. அந்தச் சரக்குதான், மேலே நாம் பார்த்த திருப்பூர் ஆர்டரை விழுங்கிய சரக்கு.

வளர்ச்சி எண்ணைச் சொல்லும்போது, அதில் எவ்வளவு கிடங்குக்குப் போயிற்று, எவ்வளவு வீட்டுக்குப் போயிற்று என்பதையும் அங்கே பிரித்துச் சொல்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஏமாறவில்லை.

நம் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

நம் நாட்டில் கணக்கே இல்லை என்று சொல்லவில்லை. தொழில் உற்பத்திக் குறியீடு மாதா மாதம் வருகிறது. ஆனால், அதில் உற்பத்தி மட்டுமே உண்டு. இருப்பு இல்லை.

ரிசர்வ் வங்கி 2008 முதல் ஆலைகளிடம் ஆர்டர், இருப்பு, எந்திர உபயோகம் ஆகியவற்றைக் கேட்டுச் சொல்கிறது. நல்ல வேலை. 2019 ஜனவரி முதல் மார்ச் வரை நூற்றுக்கு 76 அளவில் ஓடிய எந்திரங்கள், அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை 69 அளவில்தான் ஓடின என்று அதில்தான் தெரிந்தது. ஆனால், எப்போது தெரிந்தது? எண்ணூரில் வேலை இல்லா நாள்கள் முடிந்த பிறகு! அந்தக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது. அதுவும் தாமதித்து வருவது. பதில் எழுதுபவை கம்பெனிகள். நமது சிறு பட்டறைகள் அதில் இல்லை.

ஆலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. அதில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, முடிவில் இருந்த சரக்கு எல்லாம் கேட்கிறார்கள். 2023-24-க்கான முடிவு 2025 ஆகஸ்டில் வந்தது. வரலாறு எழுத உதவும். வேலையைக் காப்பாற்ற உதவாது.

"மாதா மாதம் இருப்பைக் கேட்டால் ஆலைகளுக்குத் தொல்லை. வியாபார ரகசியம் வெளியே போகும்" என்று சொல்வார்கள். இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் சரக்கையும் பெயர் சொல்லி வெளியிட்டால் போட்டிக்காரருக்குத்தான் கொண்டாட்டம். ஆனால், நாம் கேட்பது மொத்தக் கணக்கு. ஜவுளியில் எத்தனை நாள் சரக்கு, மோட்டாரில் எத்தனை நாள் சரக்கு, சிமெண்டில், மின்சாரச் சாமானில் எத்தனை நாள் சரக்கு என்று தொழில் வாரியாகச் சொன்னால் போதும். எல்லா ஆலையையும் கேட்கவும் வேண்டாம். பானைச் சோற்றுக்குச் சில பருக்கை போல, சிலரைக் கேட்டால் போதும். அமெரிக்காவிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தொல்லை என்ற பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விற்பனைக் கணக்கு ஜி.எஸ்.டி. படிவங்கள் வழியாக அரசாங்கத்திடம் ஏற்கெனவே வந்துவிடுகிறது. சரக்குக் கணக்கு? அதுவும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது!

சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் வாங்கும் எந்த முதலாளியையும் கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் "ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்" என்று ஒரு காகிதம் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். மூலப்பொருள் இவ்வளவு, பாதி செய்தது இவ்வளவு, செய்து முடித்தது இவ்வளவு, வர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். கொடுக்கத் தவறினால் அபராதக் கட்டணம். பெரிய ஆலை முதல் கோவையில் பம்பு செய்யும் பட்டறை வரை, கடன் வாங்கியவர்கள் இதை எழுதுகிறார்கள். வங்கி அதிகாரி அதைப் பார்த்து, இவருக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறார்.

சிலர் கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று இருப்பைக் கூட்டி எழுதுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வங்கிகள் ஆள் அனுப்பிக் கிடங்கைச் சோதிக்கின்றன. கொஞ்சம் பொய் கலந்த கணக்கானாலும், மாதா மாதம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டாமல் போகாது.

பெயரை எடுத்துவிட்டு, தொழில் வாரியாகக் கூட்டி, அடுத்த மாதமே வெளியிட ரிசர்வ் வங்கியால் முடியும். அப்படி ஒரு கணக்கு 2019-ல் இருந்திருந்தால், வெயிலில் வண்டிகள் நிற்பது பிப்ரவரியிலேயே எண்ணில் தெரிந்திருக்கும். ஆலைகள் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாக உற்பத்தியைக் குறைத்திருக்கலாம். செப்டம்பரில் ஒரே மாதத்தில் 16 நாள் கதவைச் சாத்த வேண்டிய நிலை வராமல் போயிருக்கலாம். ஓசூரில் தவணைக்கு வண்டி வாங்க இருந்த தொழிலாளி, "கொஞ்சம் பொறுப்போம்" என்று இருந்திருப்பார்.

அந்தக் காகிதங்கள் இந்த மாதமும் வங்கிகளுக்குப் போகும். கூட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.